டோல்பட்டில் மெதடிஸ்ட் கோயிலும் அந்த ஊர் கூலிக்காரங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோல்பட்டில் எங்க இருக்கு? அந்தச் சின்ன ஊருக்கு ஏன் இவ்ளோ பேர்?

இங்கிலாந்தோட தென்மேற்குல டார்செட்னு ஒரு மாவட்டம். அங்க டார்செஸ்டர் டவுன்ல இருந்து ஏழு மைல் தள்ளி ஒரு சின்ன ஆத்தோரம் இருக்குற கிராமம்தான் டோல்பட்டில். 1834ல இந்த ஊர் விவசாயக் கூலிங்க ஆறு பேரை சங்கம் வச்ச குத்தத்துக்காக ஏழு வருஷம் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்துனாங்க. உலகத் தொழிற்சங்க வரலாறு படிக்கிறவங்க இந்தக் கதையைத் தாண்டாம போக முடியாது. ஆனா பெரும்பாலும் சங்கக் கதையா மட்டும்தான் சொல்லிட்டுப் போறாங்க, அந்த ஆறு பேர்ல முக்கால்வாசிப் பேர் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய் உக்காந்த அந்தக் குட்டி மெதடிஸ்ட் கோயிலைப் பத்தி ஒரு வரியோட முடிச்சிடுறாங்க. எனக்கு அது பெரிய குறையாப் படுது. அந்தக் கோயில் இல்லாம அந்தச் சங்கம் இல்லைன்னு நான் உறுதியா நினைக்கிறேன், ஏன்னு கீழ ஒவ்வொண்ணா வரும்.

ஊர்லதான் ஏற்கெனவே சர்ச் இருந்துச்சே, அப்புறம் தனியா மெதடிஸ்ட் கோயில் எதுக்கு?

இருந்துச்சு. அரசாங்க மதமான இங்கிலாந்து சபையோட பழைய கல்லுக் கோயில் ஊர் நடுவுல இப்பவும் இருக்கு. ஆனா அந்தக் காலத்துல ஊர் சர்ச்னா அது நிலக்காரங்க, பாதிரியார், மாஜிஸ்ட்ரேட் எல்லாம் ஒரே வரிசைல உக்காந்திருக்குற இடம். யாரு எங்க உக்காரணும்னு எழுதாத சட்டம் இருக்கும். கூலிக்காரன் பின்னாடி உக்காந்து கேட்டுட்டு எந்திரிச்சு வரணும், அவன் வாயைத் திறந்து பேசுறதுக்கு அங்க இடமே கிடையாது.

ஜான் வெஸ்லி 18ஆம் நூற்றாண்டுல ஆரம்பிச்ச மெதடிஸ்ட் இயக்கம் இங்கதான் வேற மாதிரி. அவர் வயல்வெளில, சுரங்க வாசல்ல, சந்தைல நின்னு பிரசங்கம் பண்ணவர், ஏழைங்களைத் தேடிப் போனவர். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது, வெஸ்லியோட தாத்தா இதே டார்செட்ல, டோல்பட்டில்ல இருந்து ரொம்ப தூரம் இல்லாத விண்டர்போர்ன் விட்சர்ச் கிராமத்துல பாதிரியாரா இருந்தவர், 1662ல அரசாங்கம் சொன்ன ஜெபப் புத்தகத்தை ஏத்துக்க மாட்டேன்னு சொன்னதுக்காக வேலைய விட்டுத் துரத்தப்பட்டவர். மனசாட்சிக்காக அடி வாங்குறது அந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்ல.

அந்தப் பழைய கோயில் எப்படி இருந்துச்சு?

1818ல கட்டுனது. கோபுரம் இல்ல, மணி இல்ல, கலர் கண்ணாடி இல்ல. களிமண்ணும் வைக்கோலும் மிதிச்சுப் பிசைஞ்சு எழுப்புற மண்சுவரு டார்செட் பக்கம் ரொம்ப சகஜம், இதுவும் அந்த மாதிரி மண்ணும் செங்கலும் சேந்த ஒரே ஒரு ரூம் கட்டடம். கூலிக்காரங்க சபைக்கு அவ்ளோதான் கட்ட முடிஞ்சது. முதல் தடவை போட்டோ பாக்குறவங்க இதைக் களஞ்சியம்னுதான் நினைப்பாங்க. நம்ம ஊர்ப்பக்கம் ஓலைக் கொட்டாயில ஜெபக்கூட்டம் நடத்தி வளந்த சபைங்களைப் பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரிஞ்சிடும்.

எழுத்து வாசனையே இல்லாத விவசாயக் கூலிங்க எப்படி சட்டதிட்டம் எழுதி, கணக்கு வச்சு, சங்கம் நடத்துனாங்க?

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

மெதடிஸ்ட் சபைல எல்லாருமே ஒரு சின்ன வகுப்புல இருக்கணும். சுமார் பன்னிரண்டு பேர், அதுக்கு ஒரு லீடர். வாரா வாரம் கூடுவாங்க, இந்த வாரம் உன் ஆத்துமா எப்படி இருக்கு, என்ன சோதனை வந்துச்சு, எங்க தவறினன்னு ஒவ்வொருத்தரா வாயைத் திறந்து சொல்லணும். வாரத்துக்கு ஒரு பென்னி காணிக்கை. இந்த ஒரு பென்னி வழக்கமே 1742ல பிரிஸ்டல்ல கட்டடக் கடனை அடைக்கத்தான் ஆரம்பிச்சது, வீடு வீடாப் போய் பென்னி வாங்குன லீடர்கிட்ட அப்படியே ஜனங்களோட நிலைமையையும் விசாரிக்கச் சொன்னாங்க, அதுல இருந்து வகுப்பு வந்துச்சு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை மெம்பர் டிக்கெட். நடத்தை சரியில்லன்னா டிக்கெட் கிடையாது.

அதுக்கு மேல லோக்கல் பிரீச்சர்னு ஒரு முறை. சம்பளம் வாங்குற போதகர் எத்தனையோ ஊருக்கு ஒருத்தர்தான், அதனால பல ஞாயிறுகள்ல பிரசங்கம் பண்றது வாரம் முழுக்க ஏர் ஓட்டுற ஆளு, செருப்பு தைக்கிற ஆளு, கொல்லர். யார் எந்த வாரம் எந்த ஊருக்குன்னு மூணு மாசத்துக்கு அச்சடிச்ச ஒரு அட்டவணை வரும், அதைப் பாத்துட்டு மைல் கணக்குல நடந்து போய் பிரசங்கம் பண்ணிட்டு ராத்திரி நடந்தே வீட்டுக்கு வந்து விடியக்காலைல திரும்ப வயலுக்குப் போவாங்க.

ஜார்ஜ் லவ்லெஸ் அப்படி ஒரு ஆளு. 1797ல பொறந்தவர், ஏர் ஓட்டுற கூலி. தானே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டவர், அரை வயித்துக் கூலில மிச்சம் பிடிச்சு வேத சாஸ்திரப் புத்தகம் வாங்கி வீட்ல ஒரு குட்டி லைப்ரரியே வச்சிருந்தார். அவர் தம்பி ஜேம்ஸும் லோக்கல் பிரீச்சர். அவங்க அக்கா புருஷன் தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்ட் வகுப்பு நடத்துற குடும்பம், அவர் மகன் ஜான்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. கூட்டத்துல பயப்படாம எந்திரிச்சுப் பேசுறது, விதிமுறை எழுதி வச்சு அதுக்குக் கட்டுப்படுறது, வாராந்தர சந்தா வாங்கி பைசா சுத்தமா கணக்கு காட்றது, பக்கத்து ஊர்க்காரங்களோட தொடர்பு வச்சுக்கிறது, இது அத்தனையும் அந்த மண்சுவர் ரூம்ல இருந்து வந்த பழக்கம். 1833ல அவங்க ஆரம்பிச்ச விவசாயக் கூலிங்க நட்புச் சங்கத்துல சேர ஒரு ஷில்லிங், அப்புறம் வாரத்துக்கு ஒரு பென்னி. அதே பென்னி! வன்முறைல எறங்குனா சங்கத்தோட நோக்கம் ஒருநாளும் நிறைவேறாதுன்னு விதியிலயே எழுதி வச்சிருந்தாங்க, கூட்டத்துல அசிங்கப் பேச்சுப் பாட்டெல்லாம் கூடாதுன்னும் போட்டிருந்தாங்க. அதைப் படிச்சா மெதடிஸ்ட் வாசனை குப்புனு அடிக்கும்.

அப்போ கூலி எவ்ளோ இருந்துச்சு? சங்கம் வைக்கிற அளவுக்கு என்ன நடந்துச்சு?

சுத்துப்பட்டு ஊர்கள்ல வாரத்துக்கு பத்து ஷில்லிங் வாங்கிட்டிருந்தாங்க. பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு, அதாவது வாரம் அரை பவுண்டு. டோல்பட்டில் கூலிங்க எங்களுக்கும் அதையே குடுங்கன்னு கேட்டாங்க. பண்ணைக்காரங்க சரின்னாங்க. அப்புறம் பாத்தா பத்தைக் காணோம், ஒன்பது தான் வந்துச்சு, பிறகு எட்டு, பிறகு ஏழு, அடுத்தது ஆறுதான்னு சொல்லிட்டாங்க. ஏழு ஷில்லிங்ல பொண்டாட்டி பிள்ளைங்களை வச்சுக் காப்பாத்த முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும், குடுக்குற பண்ணைக்காரனுக்கும் தெரியும்.

இதுக்கு கொஞ்சம் முன்னாடிதான், 1830ல, தெற்கு இங்கிலாந்து முழுக்க கூலிங்க கொதிச்சு எழுந்து கதிரடிக்கிற மெஷினை ஒடைச்சு வைக்கப்போருக்குத் தீ வச்சாங்க. அந்தக் கலவரத்தைத் தொடர்ந்து தூக்கு, நாடு கடத்தல்னு நிறைய பேர் அழிஞ்சாங்க. டோல்பட்டில் ஆளுங்க எடுத்தது வேற வழி, உக்காந்து பேசுவோம், ஒண்ணா நிப்போம், யார் சொத்துலயும் கை வைக்க வேணாம்னு முடிவு பண்ணாங்க.

ஊர்ப் பாதிரியார் அவங்களுக்கு உதவி பண்ணலையா?

மொதல்ல உதவி பண்ற மாதிரிதான் வந்தார். பண்ணைக்காரங்க பத்து ஷில்லிங்குக்கு ஒத்துக்கிட்டப்ப இங்கிலாந்து சபைப் பாதிரியார் டாக்டர் வாரன் கூட இருந்தார், உங்க ரெண்டு தரப்புக்கும் நடுவுல நான் சாட்சி, அவங்க வாக்கு மாறுனா நான் பாத்துக்கிறேன், கடவுள் சாட்சியா சொல்றேன்னு சொன்னார்னு லவ்லெஸ் எழுதியிருக்கார். கூலி கொறஞ்சதும் மாஜிஸ்ட்ரேட்கிட்ட நியாயம் கேட்டுப் போனாங்க. எந்தக் கூலி குடுக்கணும்னு பண்ணைக்காரங்களைக் கட்டாயப்படுத்த சட்டத்துல எடமே இல்லன்னுட்டாங்க. அப்ப பாதிரியார், நான் அப்படியெல்லாம் சொல்லவே இல்லன்னு நாக்கு புரண்டுட்டார்.

கூலிங்க மனசு அன்னைக்குத்தான் விட்டுப் போயிருக்கணும். கடவுள் பேரைச் சொல்லி சாட்சி நின்னவரே இல்லன்னா வேற யாரை நம்புறது. அதுக்கப்புறம் லண்டன் தொழிற்சங்கத்துக்கு எழுதி, 1833 அக்டோபர்ல ரெண்டு பிரதிநிதிங்க வந்து எப்படி சங்கம் அமைக்கிறதுன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போனாங்க.

எலும்புக்கூடு படத்தைக் காட்டி சத்தியம் வாங்குனாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான், கோர்ட்ல சாட்சி இருக்கு. 1833 டிசம்பர் 9ஆம் தேதி ராத்திரி எட்வர்ட் லெக்னு ஒரு கூலியும் இன்னும் சிலரும் தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்ட் வீட்டு மாடி ரூமுக்குப் போனாங்க. கண்ணைக் கட்டி உள்ள கூட்டிட்டுப் போயி, மண்டி போட வச்சு, பைபிள் மாதிரி ஏதோ வாசிச்சாங்க, ஒரு புத்தகத்தை முத்தம் குடுக்கச் சொன்னாங்க. கட்டை அவுத்தா எதிர்ல ஆள் உயரத்துக்கு எலும்புக்கூடு படம், உன் முடிவை நினைச்சுக்கோன்னு ஒரு வாசகம். லெக்தான் பின்னால கோர்ட்ல ஏறி இது எல்லாத்தையும் சொன்ன ஆளு.

இன்னைக்குப் பாத்தா விசித்திரமா இருக்கும். ஆனா அந்தக் காலத்துல தொழிற்சங்கம், நட்புச் சங்கம், கைத்தொழில் குழு எல்லாத்துலயும் இந்த மாதிரி சேர்ப்பு சடங்கு சாதாரணம். ஒருத்தன் போய் முதலாளிகிட்ட போட்டுக் குடுத்துட்டா எல்லாருக்கும் சோறு போச்சு, அதனால ரகசியத்தைக் கெட்டியாக்க ஒரு பயபக்தி தேவைப்பட்டுச்சு. மரணத்தை நினைச்சுக்கோங்கிற பேச்சு மெதடிஸ்ட்காரங்களுக்கு வாரா வாரம் பிரசங்கத்துல கேட்டுப் பழகுனதுதான்.

சங்கம் வைக்கிறது அப்போ சட்டப்படி குத்தமா?

இல்லவே இல்ல. சங்கத் தடைச் சட்டங்களை 1824லயே எடுத்துட்டாங்க. அதனாலதான் வேற எதையாவது தோண்ட வேண்டி வந்துச்சு. அந்தப் பக்கத்து மாஜிஸ்ட்ரேட் ஜேம்ஸ் ஃபிராம்டன் பெரிய நிலக்காரர், 1830 கலவரத்தை அடக்குறதுல முன்னாடி நின்னவர். அவர் உள்துறை அமைச்சர் மெல்போர்ன் பிரபுவுக்கு லெட்டர் மேல லெட்டர் போட்டார். கடைசில கெடச்சது 1797ல கடற்படை மாலுமிங்க கலகம் பண்ணப்ப அவசரமா போட்ட ஒரு சட்டம், அதுல சட்டவிரோதமா சத்தியப் பிரமாணம் பண்ணி வைக்கிறது குத்தம். அப்ப சங்கம் வச்சதுக்காக இல்லையாம், சத்தியம் வாங்குனதுக்காகவாம்.

1834 பிப்ரவரி 22ஆம் தேதி சங்கத்துல சேந்தா ஏழு வருஷம் நாடு கடத்தல்னு நோட்டீஸ் ஒட்டுனாங்க. 24ஆம் தேதி விடியக்காலைல லவ்லெஸ் வேலைக்குக் கெளம்புறப்ப கான்ஸ்டபிள் வந்து நிக்கிறார். ரெண்டே நாள் இடைவெளி, அதுவும் எச்சரிக்கைக்கு முந்தி நடந்த காரியத்துக்கு! ஆறு பேரும் தகராறு எதுவும் பண்ணல, கான்ஸ்டபிள் கூடவே ஏழு மைல் டார்செஸ்டருக்கு நடந்தே போனாங்க.

ஆறு பேரும் மெதடிஸ்ட்தானா? யார் யார்?

ஜார்ஜ் லவ்லெஸ், தம்பி ஜேம்ஸ் லவ்லெஸ், தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்ட், அவர் மகன் ஜான் ஸ்டாண்ட்ஃபீல்ட், ஜேம்ஸ் பிரைன், ஜேம்ஸ் ஹேமெட். ஒரே குடும்பத்துல நாலு பேர். முதல் அஞ்சு பேரை மெதடிஸ்ட் சபையோட சேத்துத்தான் சொல்வாங்க, ஹேமெட்தான் விதிவிலக்கு. அவரைப் பத்தி ஊர்ல ஒரு கதை உண்டு, அன்னைக்கு ராத்திரி கூட்டத்துல இருந்தது அவர் அண்ணன் தம்பிகள்ல ஒருத்தரான ஜான், ஜானோட மனைவி கர்ப்பமா இருந்ததால அவருக்குப் பதிலா இவர் வாயைத் திறக்காம போயிட்டார்னு.

கோர்ட்ல என்ன நடந்துச்சு?

1834 மார்ச், டார்செஸ்டர் ஷையர் ஹால். வழக்கு எடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ற பெரிய ஜூரிக்குத் தலைவர் உள்துறை அமைச்சரோட மச்சான் முறை. தீர்ப்பு சொன்ன ஜூரி முழுக்க பண்ணைக்காரங்க. நீதிபதி ஜான் வில்லியம்ஸ், பதவிக்குப் புதுசு.

சொல்ல வேண்டியதை லவ்லெஸ் ஒரு சின்னத் தாள்ல எழுதிக் குடுத்தார். நாங்க சட்டத்தை மீறியிருந்தா அது தெரிஞ்சு பண்ணதில்ல, யாரோட பேருக்கும் உடம்புக்கும் சொத்துக்கும் நாங்க தீங்கு பண்ணல, நாங்களும் எங்க மனைவி பிள்ளைங்களும் பட்டினியில சீரழிஞ்சு போகாம காப்பாத்திக்கத்தான் ஒண்ணு சேந்தோம்னு எழுதியிருந்தார். அதை நீதிபதி வாய்க்குள்ள முணுமுணுத்து வாசிச்சதுல கோர்ட்ல பாதிப் பேருக்குக் கேக்கவே இல்லையாம். மார்ச் 19ஆம் தேதி ஆறு பேருக்கும் ஏழு வருஷம். நீங்க ஏதோ பண்ணிட்டீங்கங்கிறதுக்காக இல்ல, மத்தவங்களுக்குப் பாடமா இருக்கணும்னுதான் இந்தத் தண்டனைங்கிற மாதிரி நீதிபதி சொன்னதா லவ்லெஸ் பதிவு பண்ணியிருக்கார்.

தண்டனை சொன்ன உடனே அவர் பென்சிலால ஒரு துண்டுத் தாள்ல நாலஞ்சு வரி பாட்டு எழுதுனார். கடவுள் எங்க வழிகாட்டி, வயல்ல இருந்தும் கடல்ல இருந்தும் ஏர்ல இருந்தும் தறியில இருந்தும் வர்றோம், விடுதலை ஆவோம்னு போகும். வெளிய கூட்டிட்டுப் போறப்ப கூட்டத்தைப் பாத்து அந்தத் தாளை வீசுனார், காவலாளி பாஞ்சு பிடுங்கி நீதிபதிகிட்டக் கொண்டு போயிட்டான்.

அந்த அதிர்ச்சில லவ்லெஸ் காய்ச்சல்ல விழுந்துட்டார், மத்த அஞ்சு பேரை முதல்ல அனுப்பிட்டு இவரைத் தனியா கோச் வண்டில போர்ட்ஸ்மவுத் பக்கம் கூட்டிட்டுப் போனாங்க. வழில சாலிஸ்பரி டவுன் வந்ததும் சிறை கிளார்க் இரக்கப்பட்டு, கால் விலங்கைக் கழட்டி விடட்டுமா, ஜனங்க வேடிக்கை பாப்பாங்கன்னு கேட்டார். திரும்ப மாட்டுவீங்களான்னு இவர் கேட்டார். ஆமான்னதும், அப்ப இருக்கட்டும், இந்தச் சங்கிலியைப் போட்டிருக்க எனக்கு வெக்கம் இல்லன்னுட்டார். அவர் வாழ்க்கைல எனக்கு ரொம்பப் பெருசாத் தெரியிற இடம் இதுதான்.

அவங்க குடும்பங்கள் என்ன ஆச்சு?

ஏழைங்களுக்கு ஊர் நிதியில இருந்து உதவி குடுக்குற வழக்கம் இருந்துச்சு. அதைக் கேட்டு இந்தப் பொம்பளைங்க போனாங்க. சங்கத்துக்கு சந்தா கட்ட காசு இருந்துச்சுல்ல, அப்ப உதவி தேவையில்லன்னு ஃபிராம்டன் கதவைச் சாத்திட்டார். லண்டன்ல தொழிற்சங்கக்காரங்க ஒரு கமிட்டி போட்டுப் பணம் திரட்டி அனுப்புனதாலதான் அந்தக் குழந்தைங்க தப்பிச்சாங்க.

கப்பல் கெளம்புறதுக்கு முன்னாடி லவ்லெஸ் மனைவி பெட்சிக்கு எழுதுன லெட்டர் இன்னைக்கும் இருக்கு. என்னைப் பத்திக் கவலைப்படாத, எல்லாம் நன்மைக்கே முடியும், பிள்ளைங்களோட ஒழுக்கத்தையும் ஆத்துமத்தையும் கவனிச்சுக்கோ, உன்னை வருத்திக்கிட்டு எனக்குப் பணம் அனுப்பாத, காத்துக்கும் அலைக்கும் ஆண்டவரா இருக்கிறவர் என்னைத் தாங்குவார்னு எழுதியிருக்கார். ஏழு ஷில்லிங் கூலிக்காரர் எழுதுன லெட்டர் இது.

மெதடிஸ்ட் தலைமை அவங்களுக்காகப் பேசுச்சா?

பேசல. மெதடிஸ்ட் குடும்பத்துல வந்தவங்களுக்கு இது கேக்கவே கஷ்டமா இருக்கும், ஆனா மறைக்கக் கூடாது. அப்ப சபையோட தலைமை மாநாடான வெஸ்லியன் மெதடிஸ்ட் கான்ஃபரன்ஸ்ல ஜேபஸ் பன்டிங்னு ஒருத்தர் கை ஓங்கியிருந்துச்சு, அரசாங்கத்துக்கு விசுவாசமா இருக்கணும், சபை அரசியல்ல தலையிடக் கூடாதுங்கிறதுல ரொம்பக் கறாரானவர். அதே 1834ல ஜோசப் ரெய்னர் ஸ்டீஃபன்ஸ்ங்கிற போதகரை, அரசாங்கத்துக்கும் இங்கிலாந்து சபைக்கும் உள்ள தொடர்பை அறுக்கணும்னு மேடைல பேசுனதுக்காகவே சஸ்பெண்ட் பண்ணாங்க. அப்படிப்பட்ட தலைமை ஜெயில்ல கெடக்குற கிராமத்து லோக்கல் பிரீச்சருக்காக எங்க எந்திரிச்சு நிக்கப் போகுது.

ஆனா இங்கிலாந்து சபைல இருந்து ஒரு பாதிரியார் வந்தார், ஆர்தர் வேட்னு. 1834 ஏப்ரல் 21ஆம் தேதி லண்டன் கோப்பன்ஹேகன் ஃபீல்ட்ஸ்ல ஆயிரக்கணக்கான தொழிலாளிங்க திரண்ட பிரம்மாண்ட ஊர்வலத்துல பாதிரியார் உடுப்போடவே குதிரை மேல முன்னாடி போனார். ரெண்டு லட்சத்துக்கும் மேல கையெழுத்துப் போட்ட மனுவைக் கொண்டு போனாங்க, மெல்போர்ன் அன்னைக்கு அதை வாங்க மாட்டேன்னுட்டார்.

ஆஸ்திரேலியாவுல எப்படி நடத்துனாங்க?

லவ்லெஸை இன்னைக்கு டாஸ்மேனியான்னு சொல்ற தீவுக்கு அனுப்புனாங்க, மத்த அஞ்சு பேரை சிட்னிக்கு. அங்க பண்ணைகளுக்குப் பிரிச்சுக் குடுத்துட்டாங்க. என்னை ஒரு பவுண்டுக்கு அடிமை மாதிரி வித்தாங்கன்னு ஹேமெட் பின்னால சொன்னார். தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்டை ஆடு மேய்க்க விட்டாங்க, நாப்பதைத் தாண்டுன ஆளு, கொஞ்ச நாள் கழிச்சு மகன் ஜான் தேடிப் போய்ப் பாத்தப்ப உடம்பெல்லாம் புண்ணு.

பிரைனுக்கு நடந்ததைப் படிச்சா ராத்திரி தூக்கம் வராது. பண்ணைக்குப் போற வழியிலயே கொள்ளைக்காரங்க அவரோட துணிமணி, செருப்பு, படுக்கைய எல்லாம் பிடுங்கிட்டாங்க. பண்ணை முதலாளி அதை நம்பல. வெறுங்காலோட குழி தோண்டச் சொன்னார். மண்வெட்டிய மிதிச்சு மிதிச்சு பாதம் கிழிஞ்சு போய், ஒரு துண்டு இரும்புப் பட்டையைத் தேடி எடுத்து காலுக்கு அடியில கட்டிக்கிட்டுத் தோண்டியிருக்கார். ஆறு மாசம் வெறும் தரையிலதான் படுத்தாராம். நெஞ்சளவு தண்ணில நின்னு நாள் கணக்குல ஆடு கழுவி சளி பிடிச்சப்ப, போத்திக்க ஒரு போர்வை குடுங்கன்னு கேட்டார், கிடையாதுன்னுட்டாங்க. அப்ப அவருக்கு வயசு இருபத்தொண்ணு பக்கம்.

எப்படி விடுதலை ஆனாங்க?

லண்டன்ல போராட்டம் ஓயவே இல்ல. தாமஸ் வேக்லிங்கிற எம்பி பார்லிமென்ட்ல தொடர்ந்து பேசுனார். மெல்போர்னுக்குப் பிறகு உள்துறைக்கு வந்த ஜான் ரஸல் பிரபு மொதல்ல நிபந்தனையோட மன்னிப்புன்னார், ஊருக்குத் திரும்பி வரக் கூடாதாம். அதை ஆதரவாளர்கள் ஏத்துக்கல. 1836 மார்ச்ல முழு மன்னிப்பு வந்துச்சு.

ஆனா சம்பந்தப்பட்டவங்களுக்கு யாரும் ஒழுங்கா சொல்லல. லவ்லெஸ் ஒரு பழைய லண்டன் பேப்பரைப் படிச்சுத்தான் தனக்கு மன்னிப்பு கெடச்சதையே தெரிஞ்சுக்கிட்டார். அவர் 1837 ஜூன்ல லண்டன் வந்து சேந்தார், நாலு பேர் 1838 மார்ச்ல, ஹேமெட் 1839ல. வந்த வருஷமே லவ்லெஸ் தன் கதையை ஒரு சின்னப் புத்தகமா எழுதுனார், மேல நான் சொன்ன பல விஷயங்கள் அதுல இருந்துதான் நமக்குத் தெரியும். அவருக்கு எழுதத் தெரிஞ்சிருக்கலன்னா ஃபிராம்டனோட லெட்டர்கள் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

திரும்பி வந்து ஊர்லயே இருந்தாங்களா?

ஹேமெட் தவிர யாரும் இருக்கல. மத்த அஞ்சு பேருக்கும் லண்டன் கமிட்டி எசெக்ஸ்ல பண்ணை குத்தகைக்கு எடுத்துக் குடுத்துச்சு. பிரைன் அங்க கிரீன்ஸ்டெட் சர்ச்ல தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்ட் மகள் எலிசபெத்தைக் கல்யாணம் பண்ணார். எசெக்ஸ்லயும் சும்மா இருக்கல, ஏழைகளுக்கும் ஓட்டுரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்துக்குக் கூட்டம் நடத்துனாங்க, உடனே அந்த ஊர்ப் பாதிரியாரும் பத்திரிகையும் இவங்களைக் கரிச்சுக் கொட்ட ஆரம்பிச்சாங்க.

1844ல இருந்து ஒவ்வொரு குடும்பமா கனடாவுக்குக் கெளம்பிட்டாங்க, ஒன்டாரியோல இருக்குற லண்டன் ஊர்ப் பக்கம். அங்க தங்களோட பழைய கதையைப் பிள்ளைங்ககிட்டக் கூட அவ்வளவாப் பேசலன்னு சொல்றாங்க. கோயிலை மட்டும் விடல. லவ்லெஸ் அங்க சைலோம்ங்கிற இடத்துல மெதடிஸ்ட் கோயில் எழும்பக் கை குடுத்தார், 1874ல இறந்தப்ப அந்தக் கல்லறைத் தோட்டத்துலதான் பெட்சி பக்கத்துல அடக்கம்.

ஹேமெட் மட்டும் தனியா என்ன பண்ணார்?

டோல்பட்டில்லயே இருந்து கட்டட வேலைக்குப் போனார். ரொம்ப நாள் யாரும் கண்டுக்கல. 1872ல ஜோசப் ஆர்ச் விவசாயக் கூலிங்களுக்கு நாடு தழுவுன சங்கம் ஆரம்பிச்சார், கவனிங்க, அவரும் ஒரு லோக்கல் பிரீச்சர், மெதடிஸ்ட்லயே ஏழைங்க அதிகமா இருந்த பிரிமிடிவ் மெதடிஸ்ட் பிரிவு. 1875ல அந்தச் சங்கக்காரங்க ஹேமெட்டைக் கூப்பிட்டு மேடையேத்தி ஒரு பாக்கெட் கடிகாரமும் பாராட்டுப் பத்திரமும் குடுத்தாங்க. வயசாகிப் பார்வை போனதும் வீட்டுக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னு டார்செஸ்டர் ஏழை விடுதிக்குப் போய் 1891ல அங்கயே இறந்தார். இங்கிலாந்து சபைக் கல்லறைத் தோட்டத்துல பொதைச்சாங்க, 1934 வரைக்கும் பேர் பொறிச்ச கல்லு கூட கெடையாது. நூறாவது வருஷம் வந்தப்பதான் எரிக் கில்ங்கிற சிற்பி செதுக்குன கல்லை வச்சாங்க.

அந்த 1818 கோயில் இப்ப இருக்கா?

இருக்கு! 1860கள் தொடக்கத்துல மெயின் ரோட்டுல சபைக்குப் புதுக் கோயில் வந்துச்சு. பழசு கைமாறி குதிரை கட்றதுக்கும் பண்ணைச் சாமான் போடுறதுக்கும்னு நூறு வருஷத்துக்கு மேல கெடந்துச்சு. மண்சுவருக்குக் கூரை ஒழுகுனா போச்சு, கரைஞ்சு உக்காந்துடும், அதனால பாரம்பரியக் கட்டடங்கள்ல ஆபத்துல இருக்கிறதுன்னு தனிப் பட்டியல்லயே சேத்துட்டாங்க. 2015ல ஒரு டிரஸ்ட் அமைச்சு அதை வாங்கி, பணம் திரட்டி, தேசிய லாட்டரி பாரம்பரிய நிதியோட உதவியும் கெடச்சு பழுது பாத்து எழுப்பிட்டாங்க. ஊர்க்காரங்க பிடிவாதமா நின்னதாலதான் இது நடந்துச்சு, அவங்களுக்குக் கோடி நன்றி சொல்லணும்.

புதுக் கோயில் வாசல்ல 1912ல ஒரு நினைவு வளைவு கட்டுனாங்க, தொறந்து வச்சது ஆர்தர் ஹெண்டர்சன், லேபர் கட்சித் தலைவர்கள்ல ஒருத்தர், அவரும் மெதடிஸ்ட் லோக்கல் பிரீச்சர்தான். லவ்லெஸ் கோர்ட்ல குடுத்த வாசகம் அதுல பொறிச்சிருக்கு.

தமிழ் மெதடிஸ்ட் சபைகளுக்கும் இவங்களுக்கும் தொடர்பு உண்டா?

நேரடியா இல்ல, தாய்ச்சபை ஒண்ணு. டோல்பட்டில் கூலிங்க மண்சுவர் எழுப்புறதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1814ல, இதே வெஸ்லியன் சபை அனுப்புன மிஷனரிங்க இலங்கைல காலிங்கிற ஊர்ல எறங்கி, லிஞ்ச்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணத்துக்கும், ஆல்ட் மட்டக்களப்புக்கும் போனாங்க. 1817ல லிஞ்ச் சென்னைக்கு வந்தார். இங்கிலாந்து கிராமத்து வகுப்புகள்ல சேந்த சில்லறைக் காசுலயும் மிஷன் வேலை நடந்துச்சு. அந்த வழில வந்த தமிழ்நாட்டு சபைங்க 1947ல தென்னிந்தியத் திருச்சபையோட சேந்துட்டாங்க, இலங்கைல இப்பவும் மெதடிஸ்ட் பேர்லயே இருக்காங்க.

போய்ப் பாக்கணும்னா எப்பப் போகலாம்? என்னென்ன பாக்கணும்?

ஜூலை நடுவுல வருஷா வருஷம் திருவிழா நடக்கும், ஞாயித்துக்கிழமை தொழிற்சங்கக் கொடிங்களோட ஊர்வலம், ஹேமெட் கல்லறைல மலர்வளையம், கோயில்ல ஆராதனை எல்லாம் உண்டு. கூட்டம் வேணாம்னா வேற மாசம் போங்க. மொதல்ல டார்செஸ்டர் ஷையர் ஹால் போயிடுங்க, இப்ப மியூசியம், அவங்க நின்ன கூண்டையும் கீழ இருக்குற அறைகளையும் பாக்கலாம். அப்புறம் டோல்பட்டில் வந்தா 1934ல தொழிற்சங்க காங்கிரஸ், அதாவது அந்த நாட்டுத் தொழிற்சங்கங்களோட கூட்டமைப்பு, கட்டுன ஆறு வீடுகளும் நடுவுல மியூசியமும், வயசான விவசாயத் தொழிலாளிங்க குடியிருக்கக் கட்டுன வீடுங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒருத்தர் பேரு. ஊர் நடுவுல முன்னூறு வருஷத்துக்கு மேல நிக்கிற சிக்கமோர் மரத்தடிலதான் அவங்க கூடிப் பேசுனதா சொல்றாங்க. தாமஸ் ஸ்டாண்ட்ஃபீல்ட் வீட்டை ரோட்ல இருந்து பாத்துக்கலாம். பழைய கோயிலுக்குள்ள போகணும்னா தொறக்குற நாளை டிரஸ்ட்கிட்ட முன்னாடியே கேட்டுட்டுப் போங்க.